முதலில் வெர்னியர் வாங்கிக் கொடுங்கள்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வரும் ஒரத்தநாட்டுப் பெற்றோர் முதலில் கேட்பது, "சார், அந்த மிஷின் என்ன விலை வரும்?" என்பதுதான். எல்லோரும் 3டி பிரிண்டர் என்கிறார்களே, அதைத்தான் கேட்கிறார்கள். அதை வாங்கிப் போட்டுவிட்டால் பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை. "இப்போதைக்கு மிஷின் வேண்டாம். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிக் கொடுங்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டில் உடைந்து கிடக்கிற ஏதாவது ஒரு சாமானைக் கையில் கொடுத்து அனுப்புங்க" என்பேன். சிலர் முகம் வாடிப் போய்விடுவார்கள். சிலர் அடுத்த சனிக்கிழமையே பிள்ளையோடு வந்து நிற்பார்கள். அப்படி வந்த பிள்ளைகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவுப் பயிற்றுநராக என் வேலைக்காலம் கழிந்தது. ஃபிட்டர் படிக்க வரும் பையனுக்கு முதல் நாள் கொடுப்பது ஓர் இரும்புத் துண்டும் ஓர் அரமும். நான்கு பக்கமும் ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் கீற்று வெளிச்சம்கூட வரக் கூடாது. வாரக்கணக்கில் இதே வேலை. உள்ளங்கை காய்த்துப் போகும். "இதுக்கா ஐ.டி.ஐ. வந்தோம்" என்று முணுமுணுப்பு கேட்கும். அந்தத் துண்டு எதற்கும் பயன்படாது, கடைசியில் பழைய இரும்போடுதான் போகும். ஆனால் அதற்குள் பையனின் கண் மாறியிருக்கும். வந்த புதிதில் "நேராத்தான் சார் இருக்கு" என்றவன், "இந்த ஓரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று தானே கண்டுபிடிப்பான். தொழில் அவனுக்குள் புகுந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

ஓய்வு பெற்ற பின்புதான் நான் கணினியில் வரையக் கற்றேன். கற்றுக் கொடுத்தது எங்கள் தெருவில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பெண். அவளுக்கு நான் பெரியப்பா முறை. ஃப்ரீகேட் என்ற மென்பொருளைத் தன் பழைய மடிக்கணினியில் இறக்கிக் கொடுத்தாள். காசு கொடுக்க வேண்டியதில்லை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று தாளில் மூன்று படமாகப் பிரித்துப் பார்த்தே பழகிய எனக்கு, அந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து ஓர் உருவமாகத் திரையில் சுழன்றபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. பார்வை மங்கலாம், விரல் தளரலாம். நாற்பது ஆண்டு அளந்த அறிவு அப்படியேதான் இருக்கிறது, அதற்குப் புதிதாக ஒரு கருவி கிடைத்திருக்கிறது என்று பதில் சொன்னேன்.

இப்போது சனிக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணையில் அவளும் நானும் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அவர்கள் வீட்டு மேசை மின்விசிறியின் வேகக் குமிழைக் கொண்டு வந்தான். பாதி உடைந்திருந்தது. கடையில் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். குமிழ் செருகும் தண்டை வெர்னியரில் அளந்தான்: 6 மி.மீ. முழு வட்டமாகவும் இல்லை, ஒரு பக்கம் சீவி மட்டமாக்கியிருக்கும். அந்த இடத்தில் அளந்தால் 4.5 மி.மீ. குமிழ் வழுக்காமல் தண்டோடு சேர்ந்து திரும்புவது அந்த ஒன்றரை மில்லிமீட்டர் சீவலால்தான். நாள்தோறும் அந்தக் குமிழைத் திருகியவன், அன்றுதான் அதற்குள் இப்படி ஒரு சங்கதி இருப்பதைப் பார்த்தான்.

பிறகு திரையில் வரைந்தான். ஃப்ரீகேட்டில் ஒரு வசதி உண்டு. நாம் போடும் வட்டமும் கோடும் அளவு சொல்லும்வரை நிலையில்லாமல் இருக்கும். சுட்டியால் இழுத்தால் இழுத்த பக்கம் வரும். இன்னும் எத்தனை வகையில் நகர இடமிருக்கிறது என்று ஓரத்தில் எண் காட்டும். எல்லா அளவும் சொல்லி முடித்த கணத்தில் கோடுகள் அத்தனையும் பச்சையாகும். பையன் 6 மி.மீ. என்று விட்டத்தைக் கொடுத்துவிட்டு, ஏன் பச்சை வரவில்லை என்று விழித்தான். "வட்டம் எவ்வளவு பெருசுன்னு சொல்லிட்ட தம்பி. அது எங்க இருக்குன்னு சொல்லலையே" என்றாள் அவள். மையத்தை இரண்டு அச்சுகளோடும் கட்டினான். சீவலின் தூரத்தைச் சொன்னான். பச்சை வந்தது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பச்சையை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். "ஏறக்குறைய இந்த அளவு", "பார்த்துச் செஞ்சுக்கலாம்" என்று பேசியே பழகிய ஊர் நாம். கணினி அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளாது. ஒரு விளிம்பு சொல்லப்படாமல் விடுபட்டால்கூட அது காத்திருக்கும். கோபப்படாது, திட்டாது, ஆனால் விட்டும் கொடுக்காது. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு வாத்தியார் கிடைப்பது பெரிய வரம்.

வரைந்ததை அப்படியே அச்சடித்தால் போதுமா என்றால், அங்கேதான் பழைய ஃபிட்டர் பாடம் திரும்பி வருகிறது. 6 மி.மீ. தண்டுக்கு 6 மி.மீ. துளை போட்டால் நுழையாது. இயந்திரம் பிளாஸ்டிக் இழையைச் சுமார் 200 டிகிரியில் உருக்கி, 0.4 மி.மீ. துளை வழியே கோடு கோடாக இழைத்து, 0.2 மி.மீ. கனத்தில் அடுக்கடுக்காக ஏற்றுகிறது. உருகிய கோடு கொஞ்சம் பிதுங்கும், ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் துளை வரைந்ததைவிடச் சிறுத்தே வரும். எவ்வளவு சிறுக்கும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். 6.0, 6.1, 6.2, 6.3 என்று நான்கு துளையுள்ள ஒரு சிறு வில்லையை முதலில் அச்சடித்து, எதில் தண்டு இதமாக இறங்குகிறது என்று பார்க்கச் சொல்வேன். அச்சடிக்கும் திசையும் முக்கியம். மரத்துக்கு ரேகை இருப்பதுபோல இதற்கும் உண்டு, அடுக்கின் போக்கில் பிளந்துவிடும். குமிழை நிமிர்த்தி அடிப்பதா, படுக்க வைத்து அடிப்பதா என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. இதையெல்லாம் இயந்திரம் வாங்குவதால் தெரிந்துகொள்ள முடியாது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அச்சடித்துக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், கோப்பை அனுப்பினால் போதும். கோப்பை உருவாக்கத் தெரிந்த பிள்ளைதான் நமக்கு வேண்டும்.

இந்தத் தொழில் வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் சக் ஹல், ஒளிபட்டால் இறுகும் திரவத்தை அடுக்கடுக்காக இறுக்கி உருவம் செய்யும் முறைக்கு 1984-இல் காப்புரிமை கேட்டார், 1986-இல் கிடைத்தது. இழையை உருக்கி அடுக்கும் முறை ஸ்காட் கிரம்ப் என்பவருடையது, அவர் விண்ணப்பித்தது 1989-இல். அந்தக் காப்புரிமை 2009-இல் முடியும்வரை இது பெரிய கம்பெனிகளின் பண்டமாகவே இருந்தது. இதற்கிடையே இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்ற ஆசிரியர் 2005-இல் ஒரு வேலை தொடங்கினார். தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சடித்துக்கொள்ளும் இயந்திரம். அதன் வரைபடத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார். காப்புரிமையும் முடிந்தது, வரைபடமும் பொதுவானது, விலை சரிந்தது. லட்சங்களில் இருந்த இயந்திரம் இன்று ஒரு நல்ல கைப்பேசி விலைக்கு வருகிறதென்றால், ஒரு வாத்தியார் தன் அறிவைப் பூட்டி வைக்காமல் விட்டதற்கு அதில் பெரும் பங்கு உண்டு. அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

ஆனாலும் இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது. பிள்ளைகளை ஒருமுறை அங்கே ஒரு சிற்பக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். ஸ்தபதி ஒரு பச்சைத் தென்னங்கீற்றிலிருந்து ஓலை ஒன்றை எடுத்தார். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கினார். பிறகு கணக்காக மடிக்கத் தொடங்கினார். முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு, மார்புவரை, தொப்புள்வரை, முழங்கால்வரை என்று மடிப்பு மடிப்பாக அந்த ஓலை நிறைந்தது. அதற்கு ஒடியோலை என்று பெயர். அங்கே சென்டிமீட்டர் ஸ்கேல் கிடையாது. சிலையின் மொத்த உயரத்தை உத்தம தசதாலம் என்ற அளவு முறையில் 124 பங்காகப் பிரிக்கிறார்கள், ஒரு பங்கு ஓர் அங்குலம். அது நம் கடை அங்குலம் அல்ல. அந்தச் சிலையின் உடலிலிருந்தே பிறந்த அங்குலம், தேகலப்த அங்குலம். அதையும் எட்டாகப் பிரித்தால் யவை. சிவனுக்கு 124 என்றால் அம்பாளுக்கு மத்தியம தசதாலம், 120. சிலை ஒரு சாண் ஆனாலும் ஆளுயரம் ஆனாலும் விகிதம் மாறாது, ஓலையின் நீளம் மட்டும் மாறும்.

பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் என் காதருகே வந்து, "சார், நாம உயரத்தை மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறுற மாதிரி வரைவோமே, அதேதான்" என்றான். அதேதான். ஓர் அளவைத் தலையாய் வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு கட்டிவிடும் முறையைக் கணினியில் நாங்கள் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தோம். ஸ்தபதியின் கையில் அது ஓலையாக இருந்தது.

அதன்பின் மெழுகு வேலை. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிய கலவை. விரலுக்கும் கத்திக்கும் இணங்கி வரும். அதில்தான் சிலையின் முழு உருவமும் முதலில் பிறக்கிறது, நகமும் நகையும் உட்பட. அதன்மேல் உமிக்கரி சேர்த்து அரைத்த காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். அது அவ்வளவு நைசான மண், மெழுகில் உள்ள கீறலைக்கூட உள்வாங்கிக்கொள்ளும். பிறகு வயல் களிமண், பிறகு மணல் கலந்த மண், கம்பிக்கட்டு. சுட்டால் மெழுகு ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்கு முன்கூட்டியே மெழுகை எடை போட்டுவிடுவார்கள், அதன் எட்டு முதல் பத்து மடங்கு. எங்கள் கணினியும் அச்சடிக்கும் முன் எத்தனை கிராம் இழை செல்லும் என்று சொல்கிறது. அச்சை உடைத்தால் சிலை ஒன்றுதான், அந்த மண் இன்னொன்றுக்கு ஆகாது. 2023-இல் டெல்லியில் ஜி20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் முன் 27 அடி உயர நடராஜர் நிற்கிறாரே, அவரும் சுவாமிமலை ஸ்தபதிகளின் கையில் இதே மெழுகு வழியில்தான் உருவானார்.

இப்போது நகைப் பட்டறைகளில் இந்த மெழுகு உருவத்தையே கணினியில் வரைந்து, மெழுகு போன்ற பொருளில் அச்சடித்து, அதை வைத்து வார்க்கிறார்கள். அதனால் ஸ்தபதியின் தொழில் அழிந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். சிலைக்கு முகம் கொடுப்பது இயந்திரத்தால் ஆகிற காரியமில்லை என்றே நான் நம்புகிறேன். கண் திறக்கும் அந்தக் கடைசிச் செதுக்கல் ஒரு பரம்பரையின் கை. ஆனால் ஓலை மடிப்புக் கணக்கை ஸ்தபதி வீட்டுப் பிள்ளையும் கணினிக்குள் கொண்டுவரக் கற்க வேண்டும். வெளியாள் வந்து எடுத்துப் போவதற்கு முன் வீட்டுப் பிள்ளை அதைச் செய்வது நல்லது.

மகாராஷ்டிரத்தில் புணே மாவட்டத்துப் பாபள் கிராமத்தை நம் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மழை குறைந்த ஊர், நம் டெல்டாவின் செழிப்பு அங்கே கிடையாது. டாக்டர் கல்பாக் என்ற விஞ்ஞானி நகரத்து வேலையை விட்டு 1983-இல் அங்கே விஞ்ஞான ஆசிரமம் தொடங்கினார். பள்ளிப் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு வெல்டிங், மின்வேலை, விவசாயம், வீடு கட்டுதல் எல்லாவற்றையும் செய்தே படிக்க வைத்தார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் எதையும் நாமே செய்துகொள்ளும் கூடமாக ஃபேப் லேப் என்ற ஒன்றை உருவாக்கினார். அது எம்.ஐ.டி.க்கு வெளியே முதலில் வேர் பிடித்த இடங்களில் ஒன்று அந்தப் பாபள்தான், ஆண்டு 2002. கையால் வேலை செய்யப் பழகிய பிள்ளைகள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள், இயந்திரம் பிறகுதான் வந்து சேர்ந்தது. இந்த வரிசையை நான் பெற்றோர்களிடம் ஓயாமல் சொல்கிறேன்.

நம் மாநிலத்திலும் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, கணினி வழிக் கடைசல், முப்பரிமாண அச்சு எல்லாம் கொண்ட தொழில் 4.0 மையங்கள் வந்திருக்கின்றன, 2023 ஜூலையில் ஒரகடத்தில் திறப்பு விழா நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல், ஒரே துண்டாக அச்சடித்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. பிள்ளைகள் இதைக் கேட்டால் கண் விரிகிறார்கள், விரியட்டும்.

எனக்குள்ள ஆசை ராக்கெட்டில் இல்லை, வயலில் இருக்கிறது. ஒற்றை நாற்று நடவில் 25 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் உருட்டிக் களையெடுக்க கோனோ வீடர் என்ற கருவி உண்டு, இரண்டு பல்சக்கர உருளைகளும் நீண்ட கைப்பிடியும். நம் பக்கம் களையெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நான் பார்த்த கருவிகளின் கைப்பிடி உயரம் அவர்களுக்குப் பொருந்தவில்லை. தோளைத் தூக்கிக்கொண்டு தள்ளுகிறார்கள், பொழுது சாய்வதற்குள் முதுகு விட்டுப்போகிறது. உயரத்தை ஏற்றி இறக்க ஓர் இணைப்பு இருந்தால் போதும். பிள்ளைகள் டேப்பை எடுத்துக்கொண்டு கல்லணைக் கால்வாய்ப் பாசன வயலுக்குப் போய், களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களின் முழங்கை உயரத்தை அளந்து நோட்டில் எழுதினார்கள். ஓர் அக்கா சொன்னது: "முதுகு வலிக்குதுன்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு தம்பி. டேப்ப வச்சு அளந்து பாத்தது நீங்கதான்."

அந்த இணைப்பைப் பிள்ளைகள் இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்கள். கைப்பிடிக் குழாயை எல்லோரும் முக்கால் இஞ்ச் பைப் என்றே சொல்வார்கள். கணக்குப்படி முக்கால் அங்குலம் 19 மி.மீ. சொச்சம். வெர்னியர் வைத்தால் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 27. கடைப்பேர் உள்துளையை ஒட்டி வந்தது, கவ்வவேண்டியதோ வெளிப்பக்கம். பேரை நம்பி வரைந்திருந்தால் குழாய் உள்ளேயே போயிருக்காது. அளந்த அளவில் வரைந்து, பிளாஸ்டிக்கில் ஒன்று அச்சடித்து, குழாயில் மாட்டிப் பார்த்து, சரியென்றானபின் பட்டறையில் இரும்பில் செய்வோம். வயலுக்குப் பிளாஸ்டிக் ஆகாது. நாங்கள் அச்சடிக்கும் பி.எல்.ஏ. இழை மாவுப்பொருளிலிருந்து செய்வது, 60 டிகிரியிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் வளைந்து போகும். சிலைக்கு மெழுகு என்ன செய்கிறதோ, இங்கே அந்தப் பிளாஸ்டிக் அதைச் செய்கிறது.

வேறு சிக்கல்களும் நம் ஊருக்கென்றே உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இழை ஈரத்தைக் குடித்துவிடும், அச்சடிக்கும்போது பொட்பொட்டென்று வெடித்து மேற்பரப்பெல்லாம் பொரிந்து வரும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு வைக்க வேண்டும். கரண்டு போனால், விட்ட இடத்திலிருந்து தொடரும் இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஆறிய அடுக்கின்மேல் புது அடுக்கு சரியாக ஒட்டாது. அச்சடிக்கத் தருகிறவரிடம் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று. இணையத்தில் லட்சக்கணக்கான உருவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பொம்மை, சாவிக்கொத்து, பிள்ளையார், எல்லாம் இருக்கும். இறக்கி அச்சடித்தால் அழகாகத்தான் வரும். நண்பர்கள் பாராட்டுவார்கள். அதில் உங்கள் கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. சோப்பு டப்பா மூடியாக இருந்தாலும் நீங்களே அளந்து நீங்களே வரைந்ததை அச்சடியுங்கள். பொருந்தாவிட்டால் எந்த அளவு ஏமாற்றியது என்று தேடுங்கள். அந்தத் தேடல்தான் பாடம். பெண்பிள்ளைகள் கூடுதலாக வர வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டிலும் வயலிலும் எது உடைகிறது, எது கைக்கு ஒத்துவரவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது.

குறுவைக் களையெடுப்புக்குள் கைப்பிடி இணைப்பை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறோம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கோனோ வீடர். ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு குழாய் போட்டிருப்பதால் இன்னும் பல கருவிகளை அளந்து பார்த்தாக வேண்டும். உங்கள் கொட்டகையில் பழையது கிடந்தால் சனிக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, அளவெடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம்.